ஆணி விளைந்த காடு: சஃபோக்கில் காசு தேடிய நாட்கள்

வெள்ளி, இப்ஸ்விச்

இங்கிலாந்தில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் ஊரில் சொல்லிவிட்டு வந்தேன். தம்பி வந்தது மாமாவின் மெட்டல் டிடெக்டருக்காக என்பது அக்காவுக்கே தெரியும். மாமா வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்; சனி, ஞாயிறு வந்தால் அறுவடை முடிந்த வயலில் காசு தேடுவார். செப்டம்பர் அதற்குத் தோதான மாதம். கோதுமையை அறுத்திருப்பார்கள், தாள் மட்டும் நிற்கும், அடுத்த விதைப்புக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் என்னை வரச் சொன்னார்.

கரூரில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், கொக்கி இவைதான் எங்கள் பிழைப்பு. பழங்காசு ஆசை ஊரோடு ஒட்டிக்கொண்டது. அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்த ஊர் ஆயிற்றே. ஆனால் நம் ஊரில் ஒருவன் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால் என்ன ஆகும்? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய்! அன்றைக்கு அது பெரிய பணம்.

இங்கே கதை வேறு. நிலத்துக்காரர் சம்மதித்தால் தேடலாம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் மட்டும் கூடவே கூடாது. 300 வருடத்துக்கு மேற்பட்டதாகவும், 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கலந்ததாகவும் ஒரு பொருள் கிடைத்தால், 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது புதையல். 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குச் சொல்லியாக வேண்டும். காசு என்றால் ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேல் கிடைக்க வேண்டும். ஒற்றைக் காசு பொதுவாக இதில் வராது. வராவிட்டாலும் பதிவு செய்வதுதான் மரியாதை என்கிறார் மாமா.

சாப்பாடு முடிந்ததும் மிஷினைப் பிரித்துக் காட்டினார். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. நீளத் தண்டு, கீழே காயில் என்கிற வட்டமான கம்பிச்சுருள், மேலே சின்ன ஸ்கிரீன், ஒரு ஹெட்ஃபோன். எடுத்ததும் என் கண்ணில் பட்டது லாடப் படம் போட்ட ஒரு பொத்தான். அதை அமுக்கினால் இரும்பு உட்பட எல்லா உலோகத்துக்கும் சத்தம் வரும். அமுக்காவிட்டால் இரும்பை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் கூவும்.

இரும்பை அது எப்படி அடையாளம் காண்கிறது என்று கேட்டேன். காயில் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. வெள்ளியோ செம்போ எதிர்ப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த ஓட்டம் எழுப்பும் புலம் கொஞ்சம் பிந்தித் திரும்பி வருகிறது. இரும்பு அப்படியில்லை. அதுவே காந்தமாகிப் புலத்தை இழுத்துக்கொள்கிறது. பிந்தும் அளவை வைத்து மிஷின் ஒரு நம்பர் போடுகிறது. இந்த மாடலில் சைபரும் அதற்குக் கீழும் இரும்பு. ஒன்று முதல் 40 வரை மற்றவை. ஒவ்வொன்றும் தனியாகக் கிடக்கும்வரை எல்லாம் சரி. ஒரு காசு, பக்கத்தில் இரண்டு ஆணி என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கு கலைந்துபோகிறது.

பின்வாசலில் ஒரு பலகையில் நான்கு ஆணிகளைத் தாறுமாறாக வைத்து, நடுவில் ஒரு பழைய செம்புக்காசை வைத்தார். பெரிய காயிலை ஒரு பக்கமிருந்து வீசினால் "உர்ர்" என்று மட்டும் சொன்னது. குறுக்கே வீசினால் இடையில் ஒரு சின்ன "டிங்". பலகையைத் திருப்பினால் அதுவும் போய்விட்டது.

"காசு அங்கேயேதான் இருக்கு பாத்தியா மாப்ளே," என்றார்.

சனி, ஐ அருகே

ஊரின் பெயரே "ஐ". சஃபோக்கின் வடக்கு ஓரம். கொஞ்ச தூரம் போனால் நார்ஃபோக் வந்துவிடும். மாமாவுக்கு அனுமதி கொடுத்திருக்கும் விவசாயிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கிடைப்பதில் பாதிப் பாதி என்று கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. இவரிடம் அதைக் கேட்டு வாங்கியது மாமாதான். நட்பாகப் பழகுகிற இடத்தில்தான் எழுத்து அவசியம் என்பது என் கடை அனுபவமும்கூட.

அவர் இரண்டு வயல்களைக் காட்டினார். ஓடைப்பக்கம் ஒரு பெரிய வயல். சாலையோரம் ஒரு சின்ன மூலை. "அந்த மூலைக்குப் போகாதீர்கள், வெறும் ஆணி. முன்னால் வந்தவர்கள் எல்லாம் அரை மணி நேரத்தில் ஓடிவிட்டார்கள்," என்றார். அங்கே பண்ணையாட்களின் வீடுகள் வரிசையாக இருந்தனவாம். அவருடைய தாத்தா காலத்திலேயே இடித்துவிட்டார்கள். மரத்தை அங்கேயே போட்டுக் கொளுத்தி, மேலே ஏர் ஓட்டிவிட்டார்கள்.

முதலில் பெரிய வயல். சுத்தமான மண், காதுக்கு நிம்மதி. வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி, ஈயத் துணுக்கு, கோட்டுப் பொத்தான், அலுமினியத் தாள், அப்புறம் மறுபடியும் தோட்டா. மாமாவுக்கு இந்த வயல் பிடிக்கும். ஓரிடத்தில் மட்டும் மிஷின் இடைவிடாமல் கத்தியது. குப்பையிலிருந்து தயாரித்த மக்கு உரத்தைக் கொட்டியிருக்கிறார்கள். பேட்டரித் துண்டு, பாட்டில் மூடி, கம்பி எல்லாம் அந்த உரத்தோடு வந்து இறங்கியிருக்கின்றன. இங்கே காசு தேடுகிறவர்கள் எல்லாரும் வாய்விட்டுத் திட்டும் விஷயம் இதுதான். பழைய ஆணியைக்கூட மன்னிக்கலாம், போன வருடத்துப் பேட்டரியை எப்படி மன்னிப்பது?

மதியம் சாண்ட்விச் சாப்பிடும்போது எனக்கு மூலை வயல் நினைவாகவே இருந்தது. ஆணி கிடக்கிறது என்றால் ஆள் இருந்திருக்கிறான். ஆள் இருந்த இடத்தில்தானே பையிலிருந்து காசு விழும்? ஓடைப்பக்கம் யார் நின்றார்கள், மாட்டைத் தவிர? இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். "எல்லாருக்கும் தெரியும் மாப்ளே. காதுதான் தாங்காது."

தாங்கவில்லைதான். பதினோரு இன்ச் காயில். லாடப் பொத்தானை அமுக்கினதும் ஒரே உறுமல், இடைவெளியே இல்லை. பொத்தானை விடுத்தால் முழு அமைதி, இது அதைவிட மோசம். கல்யாண மண்டபத்தில் தவிலும் நாதஸ்வரமும் முழங்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் காதோரம் சொல்லும் ரகசியம்தான் அங்கே காசு தரும் சிக்னல். பெரிய காயிலுக்குக் கீழே ஒரே நேரத்தில் நாலைந்து ஆணி அடைபடுகிறது. இரும்பை ஒதுக்கச் சொன்னால் ஆணியோடு சேர்த்துப் பக்கத்தில் கிடக்கும் காசையும் மிஷின் ஒதுக்கிவிடுகிறது. இதற்குப் பெயர் மாஸ்க்கிங். முன்னால் வந்தவர்கள் எல்லாம் அமைதியைக் கேட்டுவிட்டு "ஒன்றுமில்லை" என்று போயிருக்கிறார்கள்.

வண்டியில் ஆறு இன்ச் காயில் இருக்கிறது என்றார் மாமா, வாங்கி உறைகூடப் பிரிக்காமல்.

ஞாயிறு, அதே மூலை

சின்ன காயில் மாட்டியதும் உலகமே மாறிவிட்டது என்று எழுத ஆசை. அப்படி ஒன்றும் ஆகவில்லை. உறுமல் தனித்தனி உறுமலாகப் பிரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிரிவுக்கு நடுவில்தான் எல்லாமே இருக்கிறது.

மாமா வைத்த அமைப்பு இது. இரும்புச் சத்தத்தை அடைக்கவில்லை. தாழ்ந்த குரலில் மெல்ல வரவிட்டு, மற்ற உலோகத்துக்கு உயர்ந்த குரல் கொடுத்தார். ஒரு பொருளைச் சொல்லி முடித்து அடுத்ததற்கு மிஷின் தயாராகும் வேகத்தை ஏழுக்கு ஏற்றினார். வேகம் கூட்டினால் ஆழம் கொஞ்சம் குறையும். குறையட்டும். ஏர்க்கால் புரட்டுகிற மேல்மண்ணைத் தாண்டித் தோண்டுவது எப்படியும் கூடாது, கீழே இருக்கும் அடுக்கு கலையாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் நடை. இடுப்பிலிருந்து அகலமாக வீசக்கூடாது. ஒன்றரை அடிக்குள் மெதுவாக, காயில் தாள் முனையை உரசுகிற உயரத்தில். உயர்ந்த சத்தம் ஒன்று கேட்டால் அங்கேயே நின்று, அதைச் சுற்றி நடந்து குறுக்கே வீச வேண்டும். ஆணி ஒரு திசையில் காசு மாதிரியே பேசும், குறிப்பாக அதன் முனைப் பக்கம். கால்வட்டம் சுற்றி வந்தால் குரல் மாறிவிடும், அல்லது சத்தம் வரும் இடம் நகர்ந்துவிடும். காசு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே இடத்தில் இருந்து பேசும், ஒரு பக்கம் திணறினாலும்கூட.

இதிலும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. வாஷர், சங்கிலி வளையம், வளைந்து மூடிக்கொண்ட பட்டை. வளையமாக இருக்கும் இரும்பில் மின்னோட்டம் வட்டமடித்து ஓடுவதால் மிஷின் அதை வெள்ளி என்றே சத்தியம் செய்யும். லாடமும் அப்படித்தான். தகரம் இன்னும் கேவலம். காலை முழுக்க இந்தக் கும்பல்தான் வந்தது. வழக்கமாகத் தேடுகிறவர் இவற்றைப் பார்த்து முகம் சுளிப்பார். எனக்கு ஒவ்வொன்றும் கவுன்டரில் நிற்கும் வாடிக்கையாளர் கேட்கும் சாமான். இது கதவுக் கீல். இது ஜன்னல் கொண்டி. இது வாளிக் கைப்பிடியின் காது. இதைக் கேட்ட மாமா ஒரு கட்டத்தில் எடுத்ததையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து பெயர் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பகல் சாய்ந்த பிறகு, இரண்டு உறுமலுக்கு நடுவில் ஒரு சின்ன உயர்குரல். நம்பர் நிலைக்கவில்லை, பத்துப் பக்கம் ஆடியது. குறுக்கே போனேன், திணறியது, ஆனால் இடம் நகரவில்லை. மாமாவைக் கூப்பிட்டேன்.

"ஏனுங் மாமா, இது?"

"ஆணிதான். இருந்தாலும் எடு."

மண்கட்டியைப் புரட்டி, இடத்தைத் துல்லியமாகக் காட்டும் விரல் தடிமன் கைக்கருவியான பின்பாயிண்டரால் தடவினால், முதலில் வந்தது ஆணி. இரண்டாவதும் ஆணி. கட்டியை உடைத்தபோது அரைவட்டமாக ஒரு மெல்லிய தகடு, நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம். மாமா வார்த்தையில்லாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளி பென்னியைக் கத்தரியால் பாதியாக வெட்டிய துண்டு. அந்தக் காலத்தில் சில்லறை வேண்டுமென்றால் அப்படித்தான். பாதி அரைப் பென்னி, கால் துண்டு ஃபார்திங். பின்பக்கச் சிலுவை இரட்டைக் கோடாக ஓரம்வரை ஓடுகிறது. மூன்றாம் ஹென்றி 1247-ல் கொண்டுவந்த அச்சு இது. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கத்தான் சிலுவையை விளிம்புவரை நீட்டினார்கள். சுரண்டினால் கோடு குறைந்து காட்டிக்கொடுக்கும். அதே கோடு வெட்டுவதற்கும் அளவாக அமைந்துவிட்டது. 1279, 1280-ல் முதலாம் எட்வர்ட் வட்டமான அரைக்காசையும் கால்காசையும் அடித்த பிறகு இந்த வெட்டு வேலை மெல்ல ஒழிந்தது.

பண்ணையாள் வீடுகளுக்கு ஐந்நூறு வருடம் முந்திய காசு, அந்த வீட்டு ஆணிகளுக்கு நடுவில். வீடு பிறகு வந்திருக்கலாம். சாலை முன்பே இருந்திருக்கிறது, ஆளும் இருந்திருக்கிறான்.

திங்கள், சட்டன் ஹூ

காலையிலிருந்து மழை. மாமா லீவு போட்டிருந்ததால் வீட்டில் உட்கார மனமில்லை. மூன்று பேரும் வுட்பிரிட்ஜ் பக்கம் சட்டன் ஹூ போனோம். இது தங்கத்துக்குப் பெயர் போன இடம். எனக்கு இது ஆணிக்குப் பெயர் போன இடம்.

டெபன் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் பழைய சமாதித் திட்டுகள். நிலம் எடித் பிரெட்டி என்ற அம்மாவுடையது. அவர் அழைத்து வந்த பேசில் பிரவுன், பல்கலைக்கழகம் போகாமல் தானாகக் கற்ற உள்ளூர் அகழ்வாளர். 1938-ல் சில திட்டுகளைத் தோண்டியபோது துருப்பிடித்த கப்பல் ரிவெட் ஆணிகள் கிடைத்தன. 1939 மே மாதம் பெரிய திட்டில் மறுபடியும் ஓர் இரும்பு ரிவெட். அதன் பக்கத்தில் இன்னொன்று. அவசரக்காரர் என்றால் பிடுங்கி டப்பாவில் போட்டிருப்பார். பிரவுன் ஒவ்வொரு ஆணியையும் அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே இருக்கும் மணலை மட்டும் எடுத்துக்கொண்டே போனார். வரிசை வரிசையாக ஆணி, கிட்டத்தட்ட 27 மீட்டர் நீளத்துக்கு.

கப்பலின் மரம் அந்த அமில மண்ணில் கரைந்து போய்விட்டது. மிஞ்சியது மணலில் ஒரு கறையும், பலகையைப் பலகையோடு பிணைத்த ஆணிகளும்தான். அந்த ஆணிகள் இருந்த இடத்தை வைத்து ஒரு முழுக் கப்பலின் வளைவையும் பலகைகளின் எண்ணிக்கையையும் தெரிந்துகொண்டார்கள். நடுவில் இருந்த சமாதி அறையில்தான் அந்தப் புகழ்பெற்ற தலைக்கவசம், 400 கிராமுக்கு மேல் எடையுள்ள தங்க இடுப்புக் கொக்கி, ஒரு பையில் 37 சின்னத் தங்கக் காசுகள். எடித் பிரெட்டி எல்லாவற்றையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார்.

அந்த ரிவெட்டுகளைக் கண்ணாடிக்குள் பார்த்தபோது அக்கா, "டேய், இதைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தே? நம்ம கடை குடோன்ல இதைவிட நல்லா இருக்கு," என்றாள். துருப்பிடித்த சரக்கை அப்பா எந்த விலைக்கும் விற்க மாட்டார், அது வேறு விஷயம்.

ஆற்றின் அந்தக் கரையில், வுட்பிரிட்ஜில், அதே கப்பலை முழு அளவில் மறுபடியும் கட்டுகிறார்கள். ஓக் மரம், கோடாலி, ஆயிரக்கணக்கில் இரும்பு ரிவெட். ஒரு பெரிய கொட்டகைக்குள் தன்னார்வலர்கள் வேலை செய்கிறார்கள். ரிவெட்டின் தலையை வாஷர் வைத்து அடித்து மடக்கும் முறையை ஒருவரிடம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவும் மாமாவும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

செவ்வாய், ஹாக்ஸன்

சின்ன ஊர். பார்க்க ஒன்றும் இல்லை, நிற்கத்தான் வந்தோம்.

1992 நவம்பரில் இங்கே ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவர் பீட்டர் வாட்லிங். நண்பர் எரிக் லாஸிடம் டிடெக்டர் இருந்தது. ஓய்வு பெற்றபோது பரிசாக வந்த மிஷின். சுத்தியல் தேடப் போனவர் வெள்ளிக் கரண்டிகளையும் காசுகளையும் எடுத்தார். கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டு, மீதியைத் தொடாமல் தகவல் சொன்னார். அடுத்த நாளே தொல்லியல் ஆட்கள் வந்து, பெட்டிக்குள் எது எதன் மேல் இருந்தது என்பதுவரை பதிவு செய்து எடுத்தார்கள். மொத்தம் கிட்டத்தட்ட 15,000 ரோமானியக் காசு. அதில் 569 தங்கம், மீதி ஏறக்குறைய எல்லாமே வெள்ளி. 17.5 லட்சம் பவுண்டு பரிசு. லாஸ் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. அந்தப் பெட்டியில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. ஒன்று ஓர் உயர்குலப் பெண்ணின் மார்பளவு உருவம். அடியில் தட்டைத் திருப்பினால் பொடி கொட்டும். மிளகு எங்கிருந்து போயிருக்கும்? நம் மேற்குக் கரைதான், சேரநாட்டு மலைச்சரக்கு. அந்த மிளகுக்கு விலையாக வந்த ரோமானியக் காசுகளைத்தான் அமராவதி மணலில் எடுத்தார்கள். காசு இந்தப் பக்கம், மிளகு அந்தப் பக்கம். சஃபோக்கில் ஒரு சோளக்காட்டு ஓரம் நின்று இதை மாமாவிடம் சொன்னபோது, "ரெண்டு பக்கமும் நம்ம சரக்குதான்னு சொல்றே," என்றார். கிண்டலா இல்லையா தெரியவில்லை.

புதன், மீண்டும் மூலை

மண் ஈரமாக, இளக்கமாக இருந்தது. ஈர மண்ணில் சிக்னல் கொஞ்சம் தெளிவு என்பார்கள். ஹெட்ஃபோனில் எனக்கும் அப்படித்தான் பட்டது.

இன்று முறையை மாற்றினோம். கயிறு கட்டி மூலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் வரும் ஆணியையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடியும் அதே கட்டத்தைத் தேடுவது. ஆணி போனால் அதன் நிழலில் இருந்தது வெளியே வரும். மெதுவான வேலை, முதுகு ஒடியும். எந்தக் கட்டத்தில் எந்த வகை ஆணி என்று நான் தனித்தனி கவரில் போட்டு வைத்தேன். மாமாவுக்கு அது வேடிக்கை.

மத்தியானம் விவசாயி தன் சமையலறையில் டீ கொடுத்தார். மேஜையில் பேப்பர் விரித்து ஆணிகளைக் கொட்டினேன். நாலு பக்கமும் சரிந்து, தலையில் சம்மட்டி அடித்த முகங்கள் தெரிந்தால் கையால் அடித்தது. இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, மற்ற இரண்டு பக்கம் இணையாக இருந்தால் தகட்டிலிருந்து மிஷின் வெட்டியது. 18-ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் தொடங்கிய வழக்கம். உருண்டைக் கம்பி என்றால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு மேல், இன்று நான் கிலோவில் விற்பதன் பாட்டன். மேஜையில் கிடந்ததில் பெரும்பாலும் கையால் அடித்த சின்ன ஆணி. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் மரச்சட்டமும் மெல்லிய ரீப்பரும். ரீப்பர் மேல் சுண்ணாம்புச் சாந்து. ஒவ்வொரு ரீப்பரையும் சட்டத்தில் அடிக்க ஆணி வேண்டும். ஒரு வீட்டுக்கே ஆயிரக்கணக்கில் போகும். வீட்டைக் கொளுத்தினால் மரம் போய்விடும், ஆணி அத்தனையும் அங்கேயே உட்காரும். அந்த மூலையின் உறுமலுக்குக் காரணம் இந்தச் சுவர்தான்.

கவர்களை வரிசையில் வைத்ததும் இன்னொன்று தெரிந்தது. சின்ன ஆணி எல்லாம் சாலையை ஒட்டி ஒரே நீளப் பட்டையில். லாட ஆணி தனியாகப் பின்னால், அங்கே குதிரை நின்றிருக்க வேண்டும். கிழவர் எழுந்து போய், தன் அம்மாவின் பெட்டியிலிருந்து ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். வீடுகளின் வரிசை, ஓரத்தில் ஒரு கொட்டகை, வாசலில் ஒரு பெண். கொட்டகை நான் சொன்ன இடத்தில் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. ஏர் இழுத்துப் போட்டிருக்கும் என்றார்.

பேச்சு பேச்சாக இன்ச்டுதிலும் வந்தது. ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயரில் ரோமானியர் கைவிட்ட கோட்டை. போகும்போது எட்டே முக்கால் லட்சம் ஆணிகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள், எதிரிக்கு இரும்பு கிடைக்கக்கூடாது என்று. வெளியே இருந்தவை துருவேறி ஓடாக இறுகி, உள்ளே இருந்தவற்றைக் காப்பாற்றிவிட்டன. இரும்பு மண்ணுக்குள் எத்தனை காலம் தாங்கும் என்று அணுக்கழிவைப் புதைக்க ஆராய்கிறவர்கள் அந்த ஆணிகளைத்தான் பார்த்தார்களாம். எட்டே முக்கால் லட்சம்! எங்கள் கடையில் எத்தனையோ வருடத்து சரக்கு.

மாலையில், சுத்தம் செய்த கட்டத்தை மாமா இரண்டாம் முறை வீசும்போது அடித்தது. தெளிவான, உருண்டையான குரல், எந்தப் பக்கமும் மாறாதது. முதல் சுற்றில் அதே இடத்தில் வெறும் உறுமல்தான். முழுப் பென்னி. நேர் முகமாக முடி சூடிய ராஜா, பின்னால் சிலுவை, மூலைக்கு மூன்று புள்ளி. எட்வர்ட் பெயர், லண்டன் பட்டறை. பிறகு, இருட்டுவதற்குள் ஒரு தையல் விரலுறையும், தேய்ந்துபோன மூன்றாம் ஜார்ஜ் செம்பு அரைப்பென்னி ஒன்றும். 1806-ஆ 1807-ஆ என்று கடைசி எண் படிக்க முடியவில்லை. இது அந்த வாசலில் யாரோ கைநழுவ விட்டதாகவே இருக்கும். வெள்ளியைவிட இதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார் கிழவர்.

வியாழன், இப்ஸ்விச்

மாவட்டத்தின் கண்டெடுப்பு அதிகாரியிடம் மாமா முன்பே நேரம் வாங்கியிருந்தார். 1997-ல் தொடங்கிய திட்டத்தின் ஆட்கள் இவர்கள். பொதுமக்கள் எடுத்துவரும் பொருட்களை அளந்து, படம் எடுத்து, இடத்தோடு பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவில் இப்போது 15 லட்சத்துக்கும் மேல் பொருட்கள்.

வெட்டுக் காசையும் பென்னியையும் எடை போட்டார், விட்டம் அளந்தார். இரண்டும் வெவ்வேறு காலம், வெவ்வேறு கட்டத்தில் கிடைத்தவை, சேர்த்துப் புதைத்ததற்கு அடையாளமில்லை, அதனால் புதையலாகத் தெரியவில்லை என்றார். பிறகு என் கவர்களைப் பார்த்து, இவை என்ன என்று கேட்டார். கட்டம் போட்ட தாளைக் காட்டினேன். ஆணிகளைப் பதிவில் ஏற்ற முடியாது, ரொம்பப் பிந்திய காலம். தாளை மட்டும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார். இரும்பை ஒதுக்கிவிட்டுத் தேடுவதால் வயலில் வீடு எங்கே இருந்தது என்பதே பல நேரம் தெரியாமல் போகிறது என்றார். காசு மட்டும் புள்ளி புள்ளியாக வரைபடத்தில் ஏறுமாம்.

பென்னியை ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று அக்கா கேட்டாள். முடியாது. இந்த மண்ணிலிருந்து எடுத்த, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட எதையும் வெளிநாடு கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும், காசு எவ்வளவு சின்னதாக இருந்தாலும். எனவே வெட்டுக் காசு மாமாவிடம், பென்னி விவசாயியிடம். ஜார்ஜ் அரைப்பென்னியை அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த மூலையிலும் கோதுமை விதைக்கிறார்கள். இனி அடுத்த ஆகஸ்ட் வரை யாரும் இறங்க முடியாது. பாதிக் கட்டத்தைக்கூட நாங்கள் முடிக்கவில்லை. நான் வர முடியாவிட்டால் ஆணிக் கவர்களை எப்படிப் பிரிப்பது என்று மாமா ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். பெரிய காயிலை விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறார். வேண்டாம், ஓடைப்பக்கத்துக்கு ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.